சிறு நகரத்தில் புத்தகக் கடை: தள்ளுபடியைவிடத் தூங்கும் சரக்குதான் ஆபத்து

கேள்வி: சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் சிறு நகரத்தில் இருக்கிறேன். பாடநூல்களைத் தவிர வேறு புத்தகம் இங்கே கிடைப்பதில்லை. சேமிப்பைப் போட்டு ஒரு புத்தகக் கடை தொடங்க ஆசை. இணையத்தில் தள்ளுபடியோடு வீட்டுக்கே வரும்போது என்னிடம் யார் வாங்குவார்கள்? எத்தனை புத்தகங்களோடு தொடங்கலாம்? கூடவே காபி விற்றால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்கிறார்களே?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் புத்தகக் கடைகளைப் பெரும்பாலும் மூழ்கடிப்பது நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு விஷயம்: அலமாரியில் இருக்கும் சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை பணமாகத் திரும்புகிறது? ஓராண்டில் விற்ற புத்தகங்களின் கொள்முதல் விலையை, சராசரியாகக் கையிருப்பில் இருந்தவற்றின் கொள்முதல் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 4 என்றால் ஒரு புத்தகம் சராசரியாக மூன்று மாதம் உங்களிடம் இருந்துவிட்டுப் போகிறது. 3 என்றாலும் கவலையில்லை. 1 என்றால் நீங்கள் நடத்துவது கடையல்ல, கிடங்கு.

எத்தனை புத்தகங்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2,000 தலைப்புகள், தலைப்புக்கு ஒரு பிரதி என்று வையுங்கள். மேலே வகுத்துப் பார்த்த விடை, அதாவது சரக்குச் சுழற்சி, 3 ஆக இருக்க ஆண்டுக்கு 6,000 பிரதிகள் விற்க வேண்டும். 300 நாள் கடை திறந்தால் நாளுக்கு 20. உங்கள் ஊரில் அது நடக்குமா? 1,200 தலைப்புகள் என்றால் நாளுக்கு 12 போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1,200இல்தான் தொடங்குவேன். அலமாரி காலியாகத் தெரியுமே என்று பயப்பட வேண்டாம். 90 செ.மீ. நீளத் தட்டில் முதுகு தெரிய அடுக்கினால் ஏறக்குறைய 35 புத்தகங்கள் பிடிக்கும். அவற்றில் ஐந்தாறை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே புத்தகத்தின் முகப்பு அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். தட்டும் நிறையும், அந்தப் புத்தகமும் நகரும். முதுகில் இருக்கும் சிறிய எழுத்தைத் தலை சாய்த்துப் படிக்கும் பொறுமை, ஏற்கெனவே அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தவருக்கு மட்டும்தான் உண்டு.

தள்ளுபடிக்கு வருவோம். பிரான்சில் 1981இல் வந்த நூல் விலைச் சட்டப்படி, புதிய நூலுக்குக் கடைக்காரர் பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் விலை குறைக்க முடியாது. பிரிட்டனில் அதுபோன்ற ஏற்பாடு 1990களிலேயே முறிந்துவிட்டது. அப்படிப்பட்ட காப்பு இல்லாத இடத்தில் கடை வைப்பவர் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. பதிப்பாளர் உங்களுக்கு 35 சதவீதம் கழிவு தருகிறார் என்று கொள்வோம். விலை 100 என்றால் உங்களுக்கு நிற்பது 35. வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் குறைத்தால் நிற்பது 25. முன்பு 100 பிரதிகளில் கிடைத்த அதே லாபத்துக்கு இனி 140 பிரதிகள் விற்க வேண்டும். சிறு நகரத்தில் அந்த 40 கூடுதல் வாசகர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆகவே அட்டையில் அச்சிட்ட விலைக்கே விற்றுவிடுங்கள்.

அதற்கு ஈடாக நீங்கள் தரக்கூடியது ஒன்று உண்டு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யாராவது கேட்டு, நீங்கள் 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு புத்தகத்தையும் தேதியோடு அதில் எழுதுங்கள். கேட்டவரிடம் ஒரு பகுதி முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துத் தாருங்கள். வந்த அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். வாங்க வரும்போது இன்னொன்றையும் புரட்டிப் பார்ப்பார். மூன்று பேர் ஒரே புத்தகத்தைக் கேட்டிருந்தால் அடுத்த முறை இரண்டு பிரதிகள் வாங்குங்கள். பதிப்பாளர்களின் விலைப்பட்டியலைவிட, விற்பனைப் பிரதிநிதியின் பேச்சைவிட, இந்த நோட்டு நம்பகமானது. உங்கள் சொந்த ரசனைக்கு ஒரு அலமாரி ஒதுக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். நல்ல வாசகர்கள் நடத்தும் கடைகளில்தான் தூங்கும் சரக்கு அதிகம் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கை.

தூங்கும் சரக்கைக் கண்டுபிடிக்க மென்பொருள்கூட வேண்டியதில்லை. புத்தகம் வந்த மாதத்தையும் ஆண்டையும் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் மெல்லிதாகக் குறித்துவிடுங்கள். மாதம் ஒரு நாள், ஒரு அலமாரியை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியதை முதலில் முகப்பு தெரிய வைத்துப் பாருங்கள். அப்படியும் நகராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கம் 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் பரவியது. கடைக்காரர்கள் பயமின்றி வாங்கப் பதிப்பாளர்கள் கொடுத்த சலுகை அது. இன்று எல்லாப் பதிப்பாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூடுதல் கழிவா, திருப்பும் வசதியா என்று கேட்டால், முதல் ஆண்டில் திருப்பும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், யார் செலவில் திருப்பலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் குறிப்பை அழித்துவிட்டு அனுப்புங்கள். விலைச்சீட்டு ஒட்டிய பிரதிகளைப் பலர் ஏற்பதில்லை.

காபி வேண்டாம் என்பேன். அது தனித் தொழில். அதற்கு வேறு உரிமம், வேறு ஆள், வேறு பொறுமை தேவை. எழுதுபொருள் வைக்கலாம், ஆனால் கடையில் கால் பங்கைத் தாண்ட விடாதீர்கள்.

உங்கள் வருமானத்தில் கணிசமான பகுதி கடைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பள்ளிகளில் இரண்டு நாள் கண்காட்சி, நிறுவனங்களுக்குப் பரிசு நூல்கள், நூலகங்களின் சிறு ஆணைகள். குழந்தைகள் நூல்களே இங்கே முதன்மை. பிள்ளைக்கு அடுத்த புத்தகம் சீக்கிரமே தேவைப்படும். பெற்றோர் தேடித் திரும்பி வருவார்கள். நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதில் மட்டும் கை இறுக்கமாக இருக்கட்டும். பதிப்பாளருக்கு 60 நாளில் பணம் கட்ட வேண்டிய நீங்கள், ஆறு மாதத்தில் பணம் தரும் பள்ளிக்குப் பெரிய ஆணையை எடுத்தால், விற்பனை நன்றாக இருக்கும்போதே கடை மூடிவிடும்.

பிரிட்டனின் ஹே-ஆன்-வை ஊரை உதாரணம் காட்டி யாராவது உற்சாகப்படுத்தினால் கவனமாகக் கேளுங்கள். 1960களில் ரிச்சர்ட் பூத் அங்கே பழைய புத்தகக் கடை தொடங்கினார். பிறகு பல கடைகள் சேர்ந்து அது புத்தக ஊர் ஆனது. அங்கே வெளியூர்க்காரர்கள் தேடிவருவது ஒரு கடைக்காக அல்ல.

முன்பணம் கட்டி இடம் பிடிப்பதற்கு முன் ஒரு கணக்கு. வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம், உங்கள் வீட்டுச் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, மூன்றால் பெருக்குங்கள். விற்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்கு நிற்கும் என்பதால், ஏறக்குறைய அதுதான் மாதம் விற்க வேண்டிய தொகை. அதை 25 நாளாலும், பிறகு ஒரு புத்தகத்தின் சராசரி விலையாலும் வகுத்தால் நாளுக்கு எத்தனை பிரதிகள் என்று வரும். பள்ளி, நூலக விற்பனையையும் சேர்த்துப் பார்த்தும் அந்த எண் 12ஐ வெகுவாகத் தாண்டினால், கடைத்தெருவுக்கு ஒரு தெரு தள்ளி, வாடகை குறைந்த இடம் தேடுங்கள். புத்தகம் வாங்குகிறவர் ஒரு தெரு கூடுதலாக நடப்பார்.