கேளுங்கள், சொல்கிறோம்: டி.என்.ஏ.வில் ஆறு எழுத்தா?

கேள்வி: டி.என்.ஏ.வில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கு காரங்கள்தான், அதாவது நான்கு எழுத்துதான், என்கிறது பாடப் புத்தகம். எக்ஸ், ஒய் என்று இரண்டைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள் என்கிறது ஒரு வீடியோ. நான் எதை எழுதுவது?
(பிளஸ் டூ மாணவி, தேனி)

பதில்: தேர்வில் நான்கு என்றே எழுதுங்கள், மார்க் முக்கியம். ஆனால் வீடியோவும் பொய் சொல்லவில்லை. 2014இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃபிளாய்ட் ரோம்ஸ்பர்க்கின் குழு, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் எக்ஸ், ஒய் என்ற ஒரு செயற்கைக் கார இணையை வைத்து, பாக்டீரியா பெருகும்போது அந்த இணையும் சேர்ந்து படியெடுக்கப்படுவதைக் காட்டியது. ஒரே ஒரு இணைதான். அதுவும் பாக்டீரியாவின் முதன்மை குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்கிற தனிக் குட்டி வளையத்தில். வீடியோக்காரர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால் சேரும், குவானைன் சைட்டோசினோடு மூன்றால் சேரும் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் கதை முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1990களில் எரிக் கூல் என்ற வேதியியலாளர், தைமினின் வடிவம் மட்டும் இருக்கிற, ஹைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய போட முடியாத ஒரு மூலக்கூறைச் செய்து பார்த்தார்; படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் அதையும் அடினைனுக்கு எதிரே சரியாகவே வைத்தது. ரோம்ஸ்பர்க் பிடித்துக்கொண்டது அந்த வழியைத்தான். அவருடைய எக்ஸும் ஒய்யும் தண்ணீர் பிடிக்காத மூலக்கூறுகள். ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் எதுவும் கட்டிப் போடாமலே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான் இவையும் சேர்கின்றன.

இணையை உருவாக்குவது பாதி வேலைதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம் ஊரில் சொல்வார்களே, ஓலை பெயர்த்து எழுதுகிறவர் அறியாத எழுத்தைக் கண்டால் தெரிந்த ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், பாலிமரேஸும் அந்த ரகம். அதனால் நூற்றுக்கணக்கில் மூலக்கூறுகளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான், நொதி ஏமாறாமல் படியெடுக்கிற ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் சாப்பாட்டுப் பிரச்சினை. எக்ஸையும் ஒய்யையும் பாக்டீரியாவுக்குச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது, வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும். ஆனால் மின்னூட்டம் சுமந்த அந்த மூலப்பொருட்கள் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. டயாட்டம் என்கிற நுண்பாசி ஒன்றில் இத்தகைய பொருட்களை உள்ளே இழுக்கிற புரதம் இருக்கிறது, அதன் மரபணுவை எடுத்து ஈ.கோலையில் வைத்ததும் கதவு திறந்தது. இந்த ஆராய்ச்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தக் கடன் வாங்கிய கதவுதான்.

கேள்வி: தமிழ் எழுத்தோடு ஜ, ஷ, ஸ, ஹ வந்து சேர்ந்ததைப் போன்றதா இது? எழுத்து கூடினால் பயன் என்ன?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

பதில்: நல்ல ஒப்புமை ஐயா. இல்லாத ஒலியை எழுத அந்த எழுத்துகள் வந்தன, புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில் இல்லாத ஒன்றை எழுத இவை. டி.என்.ஏ.வில் மூன்று மூன்று எழுத்தாகச் சேர்ந்துதான் ஒரு சொல். நான்கு எழுத்துக்கு 64 சொற்கள் வரும், அதில் மூன்று முற்றுப்புள்ளி, மீதி 61ம் வழக்கமான 20 அமினோ அமிலங்களுக்கே செலவாகிவிடுகின்றன. ஆறு எழுத்தானால் 216 சொற்கள். ஆனால் எழுதினால் போதாது, வாசிக்க ஆள் வேண்டும். புதுச் சொல்லைப் பார்த்துப் புது அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆர்.என்.ஏ.வையும் அதற்கேற்ற நொதியையும் தனியாக வைக்க வேண்டியிருந்தது. 2017இல் அதுவும் நடந்தது: பச்சையாக ஒளிரும் புரதத்துக்குள் இயற்கைப் பட்டியலில் இல்லாத அமினோ அமிலத்தைப் பாக்டீரியாவே கோத்துக் கொடுத்தது.

மருந்தாகுமா என்று கேட்பீர்கள். இந்த உத்தியை வைத்து ரோம்ஸ்பர்க் தொடங்கிய சிந்தோர்க்ஸ் நிறுவனத்தைச் சுமார் 250 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019 டிசம்பரில் சனோஃபி என்ற மருந்து நிறுவனம் அறிவித்தது, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தை மாற்றிச் செய்த புற்றுநோய் மருந்தை நம்பி. 2022இல் அந்த மருந்தின் மதிப்பைத் தன் கணக்கில் பெருமளவு குறைக்க வேண்டியதாயிற்று. எழுத்து புதிது என்பதற்காக மருந்து வேலை செய்துவிடாது, சரிதானே.

கேள்வி: இந்தக் கிருமி ஆய்வகத்திலிருந்து தப்பித்து வெளியே வந்துவிட்டால்?
(வாசகர், கோவை)

பதில்: எக்ஸும் ஒய்யும் வெளியே எங்கும் கிடைக்காது. ஊட்டுவதை நிறுத்தினால் சில தலைமுறைகளில் அந்த இடத்தில் பழைய எழுத்தே வந்து உட்கார்ந்துவிடும். கவனியுங்கள், போவது எழுத்துதான், பாக்டீரியா அல்ல. அது சாதாரண ஈ.கோலையாகப் பிழைத்துக்கொள்ளும். ஆய்வகத்துக்குள்ளேயே எழுத்து நழுவுவது பெரிய தலைவலியாக இருந்ததால்தான், புது எழுத்தைத் தொலைத்த பிரதிகளைத் தேடி வெட்ட காஸ்9 என்ற மரபணுக் கத்தரியைப் பிற்பாடு சேர்த்தார்கள். நழுவாமல் வைத்திருப்பதற்கே இந்தப் பாடு, நீங்கள் தப்பித்து ஓடுவதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள்!

கேள்வி: எட்டெழுத்து டி.என்.ஏ. என்றும் கேள்விப்பட்டேன். அதுவும் இதேதானா?
(வாசகி, மதுரை)

பதில்: இல்லை, அது வேறு வீடு. 2019இல் ஃபுளோரிடாவில் ஸ்டீவன் பென்னர் என்ற வேதியியலாளரின் குழு செய்தது, பெயர் ஹாச்சிமோஜி, ஜப்பானிய மொழியில் எட்டெழுத்து என்று பொருள். இவர் ஹைட்ரஜன் பிணைப்பைக் கைவிடவில்லை, அதன் வரிசையை மாற்றி அமைத்தார். சோதனைக் குழாயில் நடந்தது, உயிருள்ள செல்லில் அல்ல. ஆனால் நிஜமாகவே பயன்பட்டது என்று பார்த்தால் பென்னர்தான் முந்தி: ரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு என்று அளக்கும் ஒரு பரிசோதனையில் அவருடைய பழைய செயற்கை இணையைச் சேர்த்தார்கள். ரத்தத்தில் மிதக்கும் மற்ற டி.என்.ஏ. எதுவும் அதில் ஒட்டாது என்பதால் தவறான சிக்னல் குறைந்தது.

கேள்வி: இயற்கை இதை யோசிக்கவே இல்லையா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: யோசித்திருக்கிறது. நீலப்பச்சைப் பாக்டீரியாவைத் தாக்கும் எஸ்-2எல் என்ற வைரஸின் டி.என்.ஏ.வில் அடினைனே கிடையாது, அதன் இடத்தில் டையமினோபியூரின். தைமினோடு மூன்று பிணைப்பு போடும். 1977லேயே தெரிந்த சங்கதி இது, அதை எப்படித் தயாரிக்கிறது என்பது 2021இல்தான் தெளிவானது. பாக்டீரியாவிடம் அந்நிய டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உண்டு, அவற்றில் பல இந்த மாறிய எழுத்தை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகின்றன.