கோத்தகிரி டு கோவை, தினமும் 140 கிலோமீட்டர்: ஏழு வருஷக் கடனில் கார் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். வேலை கோவையில், வடகோவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில், கணக்குப் பிரிவு. காலை ஐந்தரைக்குக் கிளம்பி பஸ் மாறிப் போய்த் திரும்பினால் இரவு ஒன்பதாகிவிடுகிறது, மகள் அதற்குள் தூங்கிவிடுகிறாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் குடும்பத்தோடு கீழே வர முடியாது. கையில் வரும் சம்பளம் 58,000. கணவர் எங்கள் ஒரு ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறார். சேமிப்பு 2.3 லட்சம். ஆன்ரோடு 10.3 லட்சத்தில் ஒரு புது பெட்ரோல் கார் பார்த்திருக்கிறோம். சேமிப்பை முன்பணமாகப் போட்டு மீதி 8 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருஷம், மாதம் 13,075 என்கிறார்கள். இலை வருமானமும் இருப்பதால் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா? இல்லை மின்சார கார் பார்க்கலாமா?

பதில்: உங்களுக்குக் கார் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பிள்ளை விழித்திருக்கும்போது வீடு திரும்புவதற்காக ஒரு அம்மா செய்யும் செலவை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கார், இந்தக் கடன், இந்த 7 வருஷம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஷோரூமில் உங்களிடம் மாதத் தவணையை மட்டும்தான் பேசியிருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கிலோமீட்டரை. போக வர 140, மாதம் 24 நாள் என்றால் 3,360 கிலோமீட்டர், வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000. ஊருக்குள் ஓட்டுகிற ஒருவர் நாலு வருஷத்தில் ஓட்டுவதை நீங்கள் ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுவீர்கள். புது காருக்கு வாரண்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை என்று எழுதியிருந்தால், உங்களுக்கு அது இரண்டரை வருஷத்திலேயே முடிந்துபோகும். 7 வருஷம் என்பது 2.8 லட்சம் கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. கடைசி இரண்டு மூன்று வருஷம் நீங்கள் தவணையும் கட்டுவீர்கள், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று மெக்கானிக்குக்கும் கட்டுவீர்கள்.

குன்னூரிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வந்த ஒருவர், நாலு வருஷத்துக்குப் பிறகு காரை மாற்றலாமா என்று கேட்டு என்னிடம் வந்தார். டேஷ்போர்டைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங், எல்லாம் நீல மையில் அழகாக எழுதியிருந்தது, கடைசி வரியில் 1,58,420. அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆனால் அவருடைய 7 வருஷக் கடனில் இன்னும் 4 லட்சம் பாக்கி, பழைய கார் வியாபாரி தரச் சம்மதித்ததோ மூன்றேகால் லட்சம். காரை விற்றாலும் முக்கால் லட்சம் கையிலிருந்து போட்டால்தான் கடன் தீரும் என்ற நிலை. உங்கள் கடனும் அதே அளவுதான். 3 வருஷம் முடிகிறபோது அசல் பாக்கி ஏறக்குறைய 5.2 லட்சம் இருக்கும், மீட்டரில் 1.2 லட்சம் இருக்கும். அந்த மாதிரி ஓடிய வண்டிக்கு என்ன விலை கேட்பார்கள் என்று ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ இரண்டு பேரிடம் விசாரித்துவிடுங்கள்.

இனி மாதக் கணக்கு. மேடும் சமவெளியும் கலந்து லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் மட்டும் 21,000. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், டயர் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு செட், இறக்கத்தில் பிரேக் பேடு தேய்வது தனி. இதையெல்லாம் மாதத்துக்குப் பிரித்து, இன்சூரன்ஸுக்கு 2,000 ஒதுக்கி, தவணையையும் சேர்த்தால் 40,000 பக்கம் வந்து நிற்கிறது. 58,000 சம்பளத்தில் மிச்சம் 18,000. அதில்தான் வீடு, பள்ளிக்கூடம், மாமியார் மருந்து எல்லாம். "கட்டிவிடலாம்" என்று நீங்கள் எழுதியது 13,075ஐ நினைத்து, ஆனால் மாதாமாதம் போகப்போவது அதைப்போல மூன்று மடங்கு.

இலை வருமானத்தைத் தயவுசெய்து தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பச்சை இலை விலை மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பனியும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற மாதங்களில் இலையே வராது, தவணைத் தேதி மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. அந்தப் பணம் உரத்துக்கும் கவாத்துக்கும் மகள் படிப்புக்கும் இருக்கட்டும்.

சரி, அப்போது என்ன செய்யலாம்? நான் சொல்வது, காரை மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டுங்கள். உங்கள் ஆபீஸ் வடகோவை ஸ்டேஷன் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மேட்டுப்பாளையம்–கோவை பாசஞ்சர் அங்கே நின்றுதான் போகிறது. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று அந்த ரோட்டு நெரிசலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் ரயிலில் உட்கார்ந்து வரலாம், சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு நாள் பெட்ரோல் காசில் மாதம் முழுக்கப் போய்வரலாம். நீங்கள் ஓட்டவேண்டியது கோத்தகிரி–மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் மட்டும். போக வர 66, வருஷத்துக்கு 19,000. பாதிக்கும் கீழே வந்துவிட்டது பாருங்கள்.

இந்த ஓட்டத்துக்கு மூன்று நாலு வருஷம் ஓடிய, 40,000 கிலோமீட்டருக்குள் இருக்கிற, சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக உள்ள சின்ன கார் போதும். 5.3 லட்சத்துக்குள் பாருங்கள். சேமிப்பில் 1.3 லட்சம் முன்பணம் போடுங்கள், மீதி 1 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள், மாமியார் மருத்துவச் செலவு என்று ஒன்று இருக்கிற வீடு அது. கடன் 4 லட்சம், 4 வருஷம். பழைய காருக்கு வட்டி கூடத்தான் இருக்கும், 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், தவணை 10,533. பெட்ரோல், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 12,300, இன்சூரன்ஸுக்கு ஆயிரத்துச் சொச்சம். மொத்தம் 24,000 பக்கம், அதாவது முதல் கணக்கைவிட மாதம் 16,000 குறைவு. வட்டி மட்டும் பார்த்தால் அங்கே 7 வருஷத்தில் ஏறக்குறைய 3 லட்சம், இங்கே 1.06 லட்சம். கடன் முடியும்போது மீட்டரில் 1.16 லட்சம்தான் இருக்கும், அதற்குப் பிறகும் சில வருஷம் அந்தக் கார் தவணையில்லாமல் உங்களுக்கு ஓடும். எனக்கு முக்கியம் இதுதான், கடன் சாகிற நாளில் கார் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய கார் கடனில் ஒரு இடத்தில் ஏமாறாதீர்கள். "ஃபிளாட் 7 சதவீதம்தான் மேடம்" என்பார்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்டக் குறையாமல், முதல் நாள் வாங்கிய 4 லட்சத்துக்கே நாலு வருஷமும் வட்டி போடுவது. அதன்படி தவணை 10,667 வருகிறது, குறையும் பாக்கிக்கு 12 சதவீதம் போட்டால் வருகிற 10,533ஐவிட அதிகம். ஏழு என்று காதில் விழுந்தது உண்மையில் பன்னிரண்டுக்கும் மேல். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் தவணைக் கடன் எதுவானாலும், எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருடாந்திர வட்டி விகிதத்தோடு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று இடத்துத் தாள்களை வீட்டில் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், பத்து நிமிஷ வேலை. முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் தருகிறார்கள், அதில் அபராதம் போட இடம் உண்டு.

இன்சூரன்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய கார் வாங்குகிற பலர், நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் தேர்ட் பார்ட்டி பாலிசியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை ரோட்டில் யானை இறங்குவதும், மழையில் மண் சரிவதும், மரம் விழுவதும் உங்களுக்குத் தெரியும். இதில் எது நடந்தாலும் உங்கள் காருக்குப் பணம் கிடைப்பது முழு பாலிசி இருந்தால்தான். இருட்டிய பிறகு ஏறுகிறவர் நீங்கள், அதனால் இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

மின்சார கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், இறங்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்பக் கிடைக்கும், 66 கிலோமீட்டருக்கு வீட்டு சார்ஜ் தாராளமாகப் போதும். ஆனால் நல்லது என்று வருகிற புது வண்டியின் விலை உங்களை மறுபடி அந்த 8 லட்சம், 10 லட்சம் கடனுக்கே கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கான 80இஇபி பிரிவுக் கழிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். அடுத்த காருக்குப் பார்க்கலாம்.

இன்னொன்று, செலவே இல்லாதது. வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாதம் நாலு நாள் கிடைத்தாலே பெட்ரோல், தேய்மானம் எல்லாம் சேர்த்து 2,000 மிச்சம், மகளோடு நாலு சாயங்காலம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். காலையும் மாலையும் ரயில் நேரம் உங்கள் ஆபீஸ் நேரத்துக்கு ஒத்துவருகிறதா, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் பக்கம் மாத வாடகைக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கிறதா, வாடகை எவ்வளவு. இதில் ஒன்று இடித்தாலும் என் கணக்கு மாறும், அந்த விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.