கோப்பை புதிது, குழாய் பழையது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த இந்தியன் கழிவறைக் கோப்பை உள்ளது. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் வெஸ்டர்ன் கோப்பைக்கு மாற்ற விரும்புகிறோம். பழைய கோப்பையை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் ட்ராப்பின் மேலேயே புதியதை வைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா? (கீழக்கரை வாசகி)

பதில்: செய்ய வேண்டாம். இந்தியன் கோப்பைக்கு, நீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும் வளைவான ட்ராப், தரைக்கு அடியில் தனி உறுப்பாகப் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் கோப்பையிலோ அந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பழையதை விட்டுவைத்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ட்ராப்கள் வந்துவிடும். நடுவில் காற்று சிறைப்பட்டு, ஃப்ளஷ் செய்த நீர் வேகமிழந்து, மாதத்துக்கு ஒருமுறை அடைப்பெடுக்க ஆள் தேட நேரிடும். ஒரு நாள் உடைப்பு வேலையை மிச்சம் பிடிப்பதற்கு இது அதிகமான விலை.

கடைக்குப் போவதற்கு முன் தரையைத் திறந்து பழைய ட்ராப்பை எடுத்துவிட்டு, கழிவுக்குழாய் எந்த ஆழத்தில், எந்தத் திசையில் போகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். கழிவு தரைக்குள் இறங்குமானால் எஸ் ட்ராப் கோப்பையும், பின்சுவர் வழியாக வெளியேறுமானால் பி ட்ராப் கோப்பையும் வேண்டும். எஸ் ட்ராப்பில், பின்சுவரிலிருந்து குழாய் வாயின் நடுப்புள்ளி வரையுள்ள தூரம்தான் முக்கியம். கடைகளில் 225 மி.மீ., 300 மி.மீ. அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. கோப்பையை முதலில் தேர்ந்து, படுத்திருக்கும் குழாயின் வாயில் பெண்டு (வளைந்த இணைப்புத் துண்டு) வைத்து, அந்தத் தூரத்துக்குச் சரியாக மேலே திருப்பச் சொல்லுங்கள். அளவை டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்துதான் எடுக்க வேண்டும். செங்கல் சுவரிலிருந்து அளந்து, பின்னர் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம் தின்றுவிட, ஃப்ளஷ் டேங்க் சுவரில் முட்டி நின்ற அனுபவம் எனக்கே உண்டு.

இன்னொன்று: இந்தியன் கோப்பையை எடுத்த இடம் பெரிய பள்ளமாக இருக்கும். நம் கடலோரப் பக்கத்தில் அதைக் கடல் மணலைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மணல் இறங்கினால் கோப்பை சாயும். அதிலுள்ள உப்பு டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாகப் பூக்கும். உப்பில்லாத மணலை நீர் விட்டு இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் போட்டுக் காயவிட்ட பிறகே கோப்பையை வைக்க வேண்டும்.

கேள்வி: கொல்லையில் ஓடும் பழைய குழாய் பழுப்பு நிறக் கல் பைப் (சுட்ட களிமண் குழாய்). புதிய 110 மி.மீ. பிவிசி குழாயை அதில் எப்படிச் சேர்ப்பது? சிமெண்ட் பூசினால் போதுமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: வெறுமனே சிமெண்ட் பூசினால் போதாது, வழவழப்பான பிவிசியை சிமெண்ட் பற்றிக்கொள்ளாது. சில மாதங்களில் மயிரிழை போல விரிசல் விடும். அந்த ஈரத்தைத் தேடித் தென்னை வேர் உள்ளே நுழைந்துவிடும். நான்கு அங்குலக் கல் பைப்பின் உடல் பகுதிக்குள் 110 மி.மீ. குழாய் நுழையாது, அகன்ற வாய்ப் பகுதியில்தான் இறங்கும். ஆகவே கல் பைப்பை வெட்டாமல், முழு வாய் கிடைக்கும் இணைப்பு வரை தோண்டுங்கள். பிவிசி முனையில் ஒட்டும் கரைசலைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிறகு குழாயை வாயின் நடுவில் நிறுத்தி, தார் தோய்த்த சணலைச் சுற்றிலும் இறுக்கித் திணித்து, எஞ்சிய இடைவெளியில் சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு ஒன்று சேர்த்த கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். புதிய குழாயின் முனை, நீர் ஓடும் திசையில் பழையதன் வாய்க்குள் போக வேண்டும்; எதிர்த்திசையில் விளிம்பு நின்றால் துணியும் முடியும் அதில்தான் சிக்கும்.

என்னைக் கேட்டால், சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) பத்துப் பதினைந்து அடிக்குள் இருக்குமானால் கல் பைப்பையே எடுத்துவிட்டு, சேம்பர் வரை பிவிசி போட்டுவிடுவது மேல். பத்தடிக்கு மூன்று அங்குலம் வீதம் சரிவு இருக்கட்டும். மண்ணை மூடுவதற்கு முன் நான்கைந்து வாளி நீரை ஒரே மூச்சில் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த காகிதத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து வீட்டைத் திறந்தால் கழிவறையில் தாங்க முடியாத வாடை. கோப்பையை மாற்றினால் சரியாகுமா? (பெரியபட்டினம் வாசகர்)

பதில்: கோப்பையின் மீது குற்றமில்லை. ட்ராப்பில் ஏறத்தாழ 50 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர்தான் செப்டிக் டேங்க் வாயுவைத் தடுக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது ஆவியாகிவிடுகிறது. புறப்படும் நாளில் கோப்பையிலும் குளியலறைத் தரை ட்ராப்பிலும் நீரை நிரப்பி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள்; எண்ணெய்ப் படலம் ஆவியாதலை மட்டுப்படுத்தும். ஆட்கள் குடியிருக்கும்போதும் வாடை வந்து, ஃப்ளஷ் செய்தவுடன் குளியலறையில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், கழிவுக்குழாய்க்கு மொட்டைமாடி வரை உயரும் ஏர் பைப் இல்லை என்றோ, அது அடைபட்டிருக்கிறது என்றோ பொருள். ஓடும் கழிவு காற்றுக்காக ட்ராப் நீரை உறிஞ்சிவிடுகிறது.

கேள்வி: கோப்பையைத் தரையில் பிடித்த திருகுகள் இரண்டே ஆண்டுகளில் துருப்பிடித்து, கோப்பை ஆடுகிறது. சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் போட்டு இறுக்கிவிடலாமா? (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: உப்புக் காற்றுக்கு முலாம் பூசிய இரும்பு நிற்காது. பித்தளைத் திருகு அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ் திருகு வாங்குங்கள். 304 தரமும் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெள்ளை சிமெண்டில் புதைத்தால், அடுத்த முறை கழற்றும்போது பீங்கான் உடைந்துதான் வரும். திருகை மாற்றி, அடிவிளிம்பில் சிலிகான் தடவினால் போதும். கோப்பை ஆடிய நாட்களில் கீழுள்ள ரப்பர் இணைப்பும் விலகியிருக்கக்கூடும். தூக்கிப் பார்த்து, புதியது போடுங்கள்.

கேள்வி: புதிய குழாயைச் சேர்க்கும்போது, செப்டிக் டேங்கினுள் ஆளை இறக்கி உள்வாய் (கழிவு டேங்கினுள் வந்து விழும் வாய்) அடைப்பை எடுக்கலாமா? (பாம்பன் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் மீள்வதில்லை. உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கழிவுநீர் லாரியை அழைத்து உறிஞ்சச் செய்து, உள்வாய் அடைப்பை வெளியே உள்ள சேம்பரிலிருந்து கம்பி விட்டு எடுங்கள்.