எட்டு மாதமாகியும் தவழவில்லை, வாக்கர் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. குப்புற விழுந்து நிமிர்கிறான், பிடிக்காமலே உட்காருகிறான், ஆனால் தவழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை 7 மாதத்திலேயே தவழ்ந்துவிட்டது. மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான பிசியோதெரபிதான் என் வேலை, வருகிற பெற்றோரில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். வாக்கரில் குழந்தை நிற்பதில்லை, அந்தத் துணி இருக்கையில் தொங்குகிறது. கால் விரல் நுனியால் தரையைத் தள்ளினால் போதும், வண்டி ஓடும். இடுப்பும் முதுகும் தடுமாறித் தடுமாறித்தான் சமநிலை பழக வேண்டும், அந்த வேலையை இங்கே வண்டி பார்த்துக்கொள்கிறது. அதோடு, தவழக்கூடத் தெரியாத பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் அடுப்பங்கரைக்கும் படிக்கட்டுக்கும் போய்விடும். இந்த விபத்துகளைப் பார்த்துத்தான் கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்தது. நம் ஊரில் இன்னும் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள்!

சரி, தவழ்வதற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, முட்டி போட்டுத் தவழ்வது ஏறக்குறைய 5 மாதம் முதல் 13½ மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ வரை. அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்தோ வயிற்றால் இழுத்தோ எப்படியோ போய் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை விடுங்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. தவழும்போது தோளும் உள்ளங்கையும் உடம்பின் எடையைத் தாங்கிப் பழகுகின்றன, அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கஷ்டம்.

உங்கள் மகனுக்குத் தேவை தரை, வேறொன்றும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்: இடுப்பில், மடியில், தூளியில், நாலு தலையணைக்கு நடுவில். தூளி தூங்க வைக்கத்தான், கண் விழித்ததும் கீழே இறக்கிவிடுங்கள். மெத்தை வேண்டாம், கை அமுங்கிப்போகும். பாய் அல்லது ஜமுக்காளம் போதும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுவிடாதீர்கள், வழுக்கும், வெறுங்காலே நல்லது. குப்புறப் படுக்க வைத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையோ மூடிய டப்பாவையோ கை எட்டுவதற்குச் சற்றே அப்பால் வையுங்கள், அப்புறம் நேராக மட்டும் வைக்காமல் பக்கவாட்டிலும் வையுங்கள், அவன் இடுப்பைத் திருப்பி எட்ட வேண்டும். அழ ஆரம்பித்தால் தூக்கிவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி விடுங்கள். நீங்களும் எதிரே குப்புறப் படுங்கள், பொம்மையைவிட அம்மாவின் முகத்துக்குத்தான் மவுசு. இரண்டு கையையும் ஊன்றி, காலை மடக்கி, தலையைத் தூக்கி அசைந்தாடுவான் பாருங்கள், பிள்ளைத்தமிழில் செங்கீரை என்று பாடுவது அதைத்தான். அது வந்துவிட்டால் அநேகமாகத் தவழ்வது பின்னாலேயே வரும்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால்: குப்புறப் படுக்க வைப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், முதல் வாரங்களிலிருந்தே உங்கள் மார்பின் மேல் போட்டுப் பழக்கலாம். பாட்டிகள் காலை நீட்டி அதன் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கிறார்களே, அதுவும் கழுத்துக்கு நல்ல பயிற்சிதான். இன்னும் தவழாத குழந்தைக்கு விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரமாவது குப்புற இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

இவ்வளவு தைரியம் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் நடந்தான்" என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாத சில விஷயங்கள் உண்டு. 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, 18 மாதத்திலும் நடக்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறான், உடம்பு விறைப்பாகவோ துணி மாதிரி துவண்டோ இருக்கிறது, தூக்கினால் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் நிறுத்திவிட்டான். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு வழியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன, பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால், எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். 2 மாதம் முந்திப் பிறந்த 8 மாதக் குழந்தையிடம் 6 மாதத்துக்கானதைத்தான் எதிர்பார்க்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனிடம் இவை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். பேரனுக்கு ஏதாவது வாங்கித்தர வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தால் மரத்தில் செய்த நடைவண்டி வாங்கித்தரச் சொல்லுங்கள். அதைக் குழந்தை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும், வாக்கரும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் இப்போதே கையில் கொடுத்துவிடாதீர்கள். கட்டிலைப் பிடித்துத் தானாக எழுந்து நின்று, பிடித்தபடியே நாலு அடி நகர்ந்த பிறகு கொடுங்கள். முதலில் ஆளில்லாமல் விட வேண்டாம், வண்டி வேகமாக ஓடினால் அடியில் சின்ன அரிசிப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், மெதுவாக நகரும்.