இரண்டு தடவை மருந்தடித்தும் அறக்கொட்டியான் ஏன் அடங்கவில்லை?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "பெரும்போகத்தில் மூன்று ஏக்கர் விதைத்தேன். மூன்றரை மாத நெல், இன்றைக்கு 65 நாள். வயலின் நடுவே பாய் விரித்த அளவுக்கு வட்டமாக மஞ்சளித்து, இப்போது நெருப்பு வைத்ததுபோல் காய்ந்து கிடக்கிறது. வரம்போரம் பச்சையாகத்தான் நிற்கிறது. கடையில் தந்த மருந்தை அடித்தேன். ஒரு கிழமை நல்லாயிருந்தது, அப்புறம் முன்னையிலும் கூடிவிட்டது. இன்னொரு தடவையும் அடித்தேன். இப்போது இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?"

அடிக்க வேண்டாம். ஏனென்று சொல்கிறேன். அதற்கு முன் பூச்சி எதுவென்று உறுதிப்படுத்திக்கொள்வோம்.

காலையில் வயலுக்குள் இறங்கி, காய்ந்த வட்டத்துக்குச் சற்று வெளியே, இன்னும் பச்சையாக நிற்கும் பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். இலையைப் பார்த்துப் பயனில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அரிசி அளவுகூட இல்லாத கபில நிறப் பூச்சிகள் ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தண்டில் ஏறும். தண்டு பிசுபிசுப்பாக, கரி பூசியதுபோல் கறுத்திருக்கலாம். இவை இருந்தால் அது அறக்கொட்டியான்தான். விவசாயத் திணைக்களக் கையேடுகளில் கபில நிறத் தத்தி என்று இருக்கும். எரிபந்த நோய் என்றால் இலையில் கண் வடிவப் புள்ளிகள் இருக்கும். தண்டு துளைப்பான் என்றால் காய்ந்த நடுக்குருத்தை இழுத்தவுடன் கையோடு வரும். நீங்கள் எழுதிய வட்டத்தைப் பார்த்தால் இந்த இரண்டும் இல்லை.

சரி, மருந்து ஏன் வேலை செய்யவில்லை?

65 நாளில் பயிர் மூடிவிடும். நீங்கள் மேலாகப் பிடித்து நடந்தால் மருந்து முழுவதும் இலையில் தங்கிவிடும். பூச்சி இருப்பதோ காலடியில். அப்படியே கொஞ்சம் கீழே இறங்கினாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. தாய்ப்பூச்சி முட்டையை இலையுறையைக் கீறி உள்ளே வைக்கிறது. ஏறத்தாழ ஒரு கிழமையில் அது பொரிக்கும். உங்கள் "ஒரு கிழமை நல்லாயிருந்தது" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. வயலில் ஓடித் திரியும் சிலந்திகள் தத்திகளைப் பிடித்துத் தின்பவை. பச்சை நிறத்தில் மெல்லிய நாவாய்ப்பூச்சி ஒன்று இருக்கிறது, தத்தியின் முட்டையைத் தேடி உறிஞ்சிக் குடிப்பதே அதன் வேலை. பலர் அதையும் தத்தி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். உங்கள் போத்தலில் உள்ள மருந்தின் பெயர் 'த்ரின்' என்று முடிகிறதா பாருங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை இந்தக் காவற்காரரை முதலில் கொல்லும். ஒரு கிழமையில் குஞ்சுகள் பொரித்து வரும்போது தின்ன ஆளிருக்காது. நெல்லுக்குள் இந்த வகை மருந்தைத் தேவையில்லாமல் அடிப்பதை நான் வயலுக்குத் தத்தி விதைப்பது என்றுதான் சொல்வேன்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் வக்கடையை வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள். தத்திக்கு ஈரமும் நிழலும் வேண்டும். மூன்று நான்கு நாள் காயவிட்டால் தொல்லை குறையும். ஆனால் உங்கள் பயிர் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தை நெருங்குகிறது, நிலம் வெடிக்கும்வரை விடக்கூடாது. மேல்வயல்காரரின் தண்ணீர் உங்கள் வயலுக்குள் இறங்கினால் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். மார்கழி மழை இடையில் வந்தால் நம் கையில் இல்லை, மழை விட்டதும் மறுபடி வடியுங்கள். அதே நேரம் எட்டு பத்து அடிக்கொரு தடவை பயிரைக் காலால் இருபுறமும் விலக்கி ஒழுங்கை (நடைபாதை) எடுங்கள். காற்றும் வெயிலும் அடிக்குப் போகும், தெளிகருவியின் நொசிலும் போகும். மிச்ச யூரியாவை இப்போது போடாதீர்கள். கறுத்த பச்சைப் பயிர் பார்க்க அழகு, தத்திக்கும் அதுவே விருந்து.

பிறகு எண்ணுங்கள். பத்து இடத்தில் பாருங்கள். சராசரியாக ஒரு மட்டத்துக்கு, அதாவது ஒரு தனித் தண்டுக்கு, ஒரு தத்திக்கு மேல் இருந்து, சிலந்தியும் காணக்கிடைக்காவிட்டால் மருந்து தேவை. சிலந்தி நன்றாக இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். அடிப்பதானால் புப்ரோபெசின் போல, குஞ்சு தோலுரிப்பதைத் தடுக்கும் வகையை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு எடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். இமிடாகுளோபிரிட்டுக்கு ஆசியாவின் பல நாடுகளில் தத்தி பழகிவிட்டது, அதை நம்பிக் காசை விடாதீர்கள். அளவு போத்தலில் உள்ளபடி. அறுவடைக்கு முன் எத்தனை நாள் இடைவெளி என்பதையும் அதிலேயே பாருங்கள்.

காய்ந்த வட்டத்துக்குள் அடிப்பது வீண், அங்கே தத்திக்குச் சாறு இல்லை. அதைச் சுற்றிய பச்சை வளையத்தில், வெளியிலிருந்து உள்நோக்கி, நொசிலை அடித்தண்டுக்குப் பிடித்து அடியுங்கள்.

அடுத்த போகத்துக்கு ஒரே ஒரு கேள்வி: ஏக்கருக்கு எத்தனை புசல் விதைத்தீர்கள்? இரண்டு போதும். மூன்று, நாலு என்று அள்ளி வீசினால் நெருக்கத்தில் அறக்கொட்டியான் குடியேறும்.

புப்ரோபெசின் அடித்த மறுநாளே தத்தி உயிரோடு நிற்பதைக் கண்டு பதறிப்போய் மறுபடி அடிக்காதீர்கள். குஞ்சுகள் தோலுரிக்கும் நேரத்தில்தான் சாகும், வளர்ந்தவை இன்னும் சில நாள் இருக்கும். ஐந்தாம் நாள் அதே பத்து இடத்தில் எண்ணிப் பாருங்கள்.