கார்டு நானூறு, ஆர்டர் ஒன்றுமில்லை

கேள்வி: பொடி வகைகளைப் பையில் அடைக்கும் மெஷின் தயாரிக்கிறோம். சின்ன கம்பெனி. போன வருஷம் ஒரு தொழில் கண்காட்சியில் 3-க்கு 3 மீட்டர் ஸ்டால் எடுத்து மூன்று நாள் இருந்தோம். 400 விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இந்த முறை ஸ்டாலை இரண்டு மடங்காக்கி, வரவேற்க வெளியிலிருந்து இரண்டு பேரை அமர்த்தி, வருகிறவர்களுக்குப் பரிசும் கொடுக்கலாம் என்கிறார் என் பார்ட்னர். இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: அந்த 400 கார்டும் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் பத்தை உருவுங்கள். ஸ்டாலில் நின்றவர்களைக் கூப்பிட்டு, ‘இவர் யார், என்ன கேட்டார்?’ என்று விசாரியுங்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மூன்று நாளில் 24 மணி நேரம். ஒருவர் மணிக்கு நாலு பேரிடம் உருப்படியாகப் பேசினால் பெரிய விஷயம். இரண்டு பேர் நின்றிருந்தால் மொத்தம் 192 பேச்சு. அதுவும் இரண்டு பேரும் சாப்பிடவே போகாமல், கூட்டம் வராத காலை நேரத்தையும் சேர்த்து. அப்படியானால் உங்கள் 400-இல் பாதிக்கு மேல், யாரும் யாரிடமும் பேசாமலே கிண்ணத்தில் விழுந்த கார்டு. அதிலிருந்து ஆர்டர் வராததில் ஆச்சரியமில்லை.

இதனால்தான் ஸ்டாலைப் பெரிதாக்க வேண்டாம் என்கிறேன். காலி இடத்தில் சுமார் நாலரை சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்பது கண்காட்சிக்காரர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. 18 சதுர மீட்டர் எடுத்தால் மெஷினும் மேசையும் போகப் பதின்மூன்று சதுர மீட்டராவது மிஞ்சும். மூன்று பேர் நிற்க வேண்டும். மாற்றிவிட இரண்டு பேர். மெஷினைப் பற்றித் தெரிந்த ஐந்து பேரை மூன்று நாள் அனுப்பிவிட்டு உங்கள் பட்டறை ஓடுமா? ஓடாது என்றால் 9 சதுர மீட்டரே போதும். அதற்கும் மூன்று பேர் வேண்டும்: இரண்டு பேர் நிற்க, ஒருவர் ஓய்வெடுக்க. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிற்க வைத்தால் அவர் முகமே வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

யாரை நிறுத்துவது? இங்கேதான் உங்கள் பார்ட்னரோடு எனக்குச் சண்டை. வெளியிலிருந்து வருகிறவர் அழகாக வணக்கம் சொல்வார். வாங்க நினைத்து வருகிறவரோ இரண்டாவது வாக்கியத்திலேயே, “எங்க பொடி கொஞ்சம் ஈரம் இழுக்கும். ஹாப்பர்ல கட்டி பிடிச்சுக்காதா?” என்று பொடி கொட்டும் தொட்டியைப் பற்றிக் கேட்பார். “ஒரு நிமிஷம் சார், இன்ஜினீயரைக் கூப்பிடறேன்” என்று இவர் திரும்புவதற்குள் அவர் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். உங்கள் சர்வீஸ் ஆளை அனுப்புங்கள். பேசத் தெரியாது என்பீர்கள். மெஷினைத் திறந்து, பொடியைத் தள்ளிவிடும் திருகுத் தண்டான ஆகரைக் கழற்றிக் காட்டத் தெரியுமல்லவா? அது போதும். விலை பேச விற்பனை ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

“உதவி வேணுமா சார்?” என்ற கேள்வியை மட்டும் தடை செய்துவிடுங்கள். “சும்மா பார்க்கறேன்” என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. “நீங்க என்ன பொடி அடைக்கறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். வாங்கக்கூடியவர் பொடியின் பெயரைச் சொல்வார். உங்களிடமே லேபிள் விற்க வந்தவர் வழிவார். அவரிடம் கார்டை வாங்கிக்கொண்டு, கண்காட்சி முடிந்ததும் பேசலாம் என்று சிரித்தபடி அனுப்பலாம்.

நான் முதன்முதலில் ஸ்டாலில் நின்றபோது, முகப்பின் குறுக்கே மேசையைப் போட்டு அதன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். வருகிறவரின் நடை லேசாகத் தளரும், எங்களைப் பார்ப்பார், நாங்கள் போனிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் கால் மறுபடி வேகம் பிடித்துவிடும். இரண்டாம் நாள் விளக்கு மாட்ட வந்தவர் மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். திருப்பிப் போட எங்களுக்குச் சோம்பல். அன்று மதியம் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அதன் பிறகு நான் மேசையைக் குறுக்கே போட்டதே இல்லை.

பரிசு வேண்டாம். அது பரிசுக்கு ஆள் சேர்க்கும். அந்தப் பணத்தை மெஷின் ஓடுவதற்குச் செலவழியுங்கள். ஓடாத மெஷின் வெறும் தகரப் பெட்டிதான். த்ரீ ஃபேஸ் வேண்டுமா, காற்றழுத்தம் வேண்டுமா என்று பார்த்து, ஏற்பாட்டாளர்கள் தரும் கையேட்டில் உள்ள கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் மெத்தென்று ஒரு விரிப்பு போட்டால் மூன்றாம் நாள் உங்கள் ஆட்களின் கால் வாழ்த்தும். போன வருஷம் கொட்டேஷன் வாங்கிவிட்டு முடிவு சொல்லாதவர்களுக்கு மூன்று வாரம் முன்பே போன் போட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கார்டு விஷயம். பேசி முடித்தவர் நகர்ந்த அடுத்த நிமிஷமே கார்டின் பின்பக்கம் எழுத வேண்டும்: ‘ஈரம் இழுக்கும் பொடி, 500 கிராம் பை, நிமிஷத்துக்கு 20, இரண்டு மாதத்தில் புதுக் கட்டடம், முடிவு எடுப்பது அண்ணன்.’ மூலையில் 1, 2, 3 என்று ஓர் எண். 1 என்றால் இந்த வாரமே பேச வேண்டியவர். அன்று ராத்திரியே அவற்றைப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் சந்தை 1895-இல், சரக்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து விற்பதை விட்டு, மாதிரியைக் காட்டி ஆர்டர் பிடிக்கும் சந்தையாக மாறியது. இன்றைய கண்காட்சிகளும் அந்த வழியில் வந்தவைதான். ஸ்டாலில் காட்டுவதோடு சரி. வியாபாரம் அதற்குப் பிறகு. நீங்கள் போன வருஷம் அந்தப் பிறகைத்தான் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே ஸ்டாலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பார்ட்னரிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் மூன்று பேரும் கண்காட்சியில் நிற்கும்போது, அலுவலகத்தில் உட்கார்ந்து 1 போட்ட கார்டுகளுக்கு மறுநாளே கொட்டேஷன் அனுப்பப்போவது யார்? அவர் ஒரு பெயரைச் சொன்னால் 9 சதுர மீட்டருக்குப் பணம் கட்டுங்கள். சொல்லவில்லையென்றால் இந்த வருஷம் பார்வையாளராகப் போய் வாருங்கள்.