மகள் கிரேக்கத் தத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம். பிளஸ் டூவில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்சும் படிக்கும் மகள், பி.ஏ. தத்துவம்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாக்ரடீசும் பிளேட்டோவும் சோறு போடுவார்களா என்பது உங்கள் கேள்வி. பயம் நியாயமானதுதான். பட்டம் வாங்கிய கையோடு வேலை தரும் படிப்பு இல்லை இது. ஆனால் இன்றைக்கு உதவாத பழங்கதை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவளுடைய பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலேயே, உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடும் பூலியன் இயற்கணிதம் என்று ஒரு பாடம் இருக்கும், பாருங்கள். அதன் வேர் கி.மு. நான்காம் நூற்றாண்டு அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஒதுக்கிவிட்டு, சொற்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டு, எந்த வடிவத்தில் அமைந்த வாதம் செல்லும், எது செல்லாது என்று அவர் வகைப்படுத்தினார். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் தர்க்கத்தை இயற்கணிதமாக்கினார். பூலின் தர்க்கத்தைக் கல்லூரியில் ஒரு தத்துவ வகுப்பில் கற்ற அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன், 1937இல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் அதை மின்சுற்றுகளின் சுவிட்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார். இன்றைய கணினிச் சில்லுகள் அந்த அடிப்படையில்தான் வடிவமைக்கப்படுகின்றன. உளவியலிலும் இதே தொடர்ச்சி உண்டு. நம்மைக் கலங்கவைப்பது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணங்களே என்றார், அடிமையாகப் பிறந்த கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸ். 1950களில் தன் சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், அவருக்குப் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னார்.

சரி, வேலைக்கு வருவோம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண். அதன் முதல் தாள் பாடத்திட்டம் பிளேட்டோ, அரிஸ்டாட்டிலில்தான் தொடங்குகிறது. 2013இல் வந்த அறவியல் தாளுக்குத் தனியாக 250. அதிலும் உலகச் சிந்தனையாளர்கள் உண்டு. பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். வாதத்தைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது நன்றாகக் கைகொடுக்கும், நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று பல வருடம் ஆகும், பணியிடங்களும் குறைவு. பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் இந்தப் பட்டம் வேண்டாம்.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். கி.மு. 399இல் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதைப் பிளேட்டோ ‘அப்பாலஜி’ என்ற பெயரில் எழுதியிருக்கிறார், சிறிய நூல்தான். அதன் கடைசியில், சாவு என்பது ஒன்று கனவில்லாத தூக்கம், இல்லாவிட்டால் வேறோர் இடத்துக்குப் போவது, எப்படிப் பார்த்தாலும் அது நல்லதே என்கிறார் சாக்ரடீஸ். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று அவளையே இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஒரு வாய்ப்பு ஏன் இருக்கக்கூடாது, தூக்கம் நல்லது என்பதால் விழிக்கவே முடியாத தூக்கமும் நல்லதாகிவிடுமா என்றெல்லாம் அவள் மல்லுக்கு நின்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சாக்ரடீஸ் எவ்வளவு பெரியவர் என்று மட்டும் எழுதினால், வேறு பட்டத்தில் சேர்ந்துகொண்டு இவர்களை ஓய்வு நேரத்தில் படிக்கட்டும். நீங்களும் அந்த நூலைப் படித்துவிட்டு அவளோடு பேசினால் இன்னும் நல்லது. அவள் எதற்காக அடம்பிடிக்கிறாள் என்று உங்களுக்குப் புரியும்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தத்துவத் துறை பழையது, முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் படித்த துறை. வெளியூருக்கு அனுப்ப மனமிருந்தால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் லேடி ஸ்ரீராம், இந்து கல்லூரிகள் இருக்கின்றன. அதற்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம், ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.